இரு கழிமுகங்களும் ஒரு பள்ளத்தாக்கும்

தேனி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. தேவதானப்பட்டியிலிருந்து கிழக்கே பாக் நீரிணைக்குப் போனாலும் மேற்கே அரபிக்கடலுக்குப் போனாலும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இருந்தும் தென்னிந்தியக் கடலோரக் காயல்களின் கதையைச் சொல்லப் புகுந்தால் இந்தப் பக்கம் வந்தே ஆகவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, கொச்சிக்கு வடக்கே வேம்பநாட்டுக் காயலில் விழும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதி 1895 முதல் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அது வைகையில் சேர்கிறது. பழனிமலையில் இறங்கி தேவதானப்பட்டியைத் தொட்டுச் செல்லும் மஞ்சளாறும் வைகையில் சேர்கிறது. வைகையோ இராமநாதபுரத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைத் தொடவேண்டிய ஆறு. பெரும்பாலான ஆண்டுகளில் தொடுவதில்லை. ஒரு காயலில் இருந்து எடுத்த நீர், இன்னொரு கழிமுகத்துக்குப் போய்ச் சேராமல் நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது. இதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்கத் தேவையில்லை. காயலின் உடல்நலம் காயலுக்குள் மட்டும் முடிவாவதில்லை, மலையடிவாரத்து மதகுகளிலும் அந்த மதகுகளைத் திறக்கச் சொல்லும் கணக்குப் புத்தகங்களிலும் முடிவாகிறது என்பதற்கு இது சான்று. அந்தப் புத்தகங்களில் நூற்றாண்டுகளாக ஒரு வரி மாறாமல் இருக்கிறது: கடலுக்குப் போகும் நீர் வீண்.

காயல் என்றால் மணல்திட்டு ஒன்று கடலை மறித்து நிற்க, அதற்குப் பின்னால் ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து கிடக்கும் ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. ஈழத்தில் களப்பு என்பார்கள். வைகையின் முடிவில் இருப்பது இந்த வரையறைக்குள் முழுதாக அடங்காது, அது சிறு கழிமுகம். ஆனால் இரண்டும் உயிர்வாழ்வது ஒரே வழியில்தான். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து உப்பைத் தள்ளி, முகத்துவாரத்து மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குள் போகும். வெள்ளம் ஓய்ந்ததும் கடல் மெல்ல உள்ளே ஏறும். உப்பு கூடிக் குறையும் அந்தத் தாளத்துக்கு இசைந்தே இறாலும் சிப்பியும் மடவையும் முட்டையிடுகின்றன, வளர்கின்றன, வலையில் விழுகின்றன. தாளம் தப்பினால் நீர் அங்கேயே இருக்கும், காயல் இருக்காது.

இந்த இரண்டு ஆற்றுமுகங்களும் ஒரு காலத்தில் உலகத் துறைமுகங்களாக இருந்தன. சங்க இலக்கியம் பாடிய சேரர் முசிறி பெரியாற்றின் முகத்தில் இருந்தது. அது இன்றைய பட்டணம் கிராமமாக இருக்கலாம் என்று 2007 முதல் நடந்த அகழாய்வுகளை வைத்து வாதிடுகிறார்கள், எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வைகையின் முகத்தில் அழகன்குளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலிருந்து அங்கே தோண்டியபோது உரோமானியக் காசுகளும் ரௌலட் மட்பாண்டங்களும், பானை ஓட்டில் கீறிய கப்பல் உருவமும் கிடைத்தன. நடுவிலுள்ள பள்ளத்தாக்கில், ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பையில், தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் 2006-ல் கிடைத்தன. பள்ளத்தாக்கும் அந்தக் காலத்தில் ஆளில்லாக் காடாக இருக்கவில்லை என்பது தெளிவு. கப்பல் வந்த முகங்கள் இன்று அப்படி இல்லை என்பதற்கு மனிதரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியின் வழியைத் தூர்த்து, கொச்சியின் முகத்தைத் திறந்துவிட்டது என்பது கேரள வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படுவது. காயலுக்கு நிலையான பழைய வடிவம் என்று ஒன்றில்லை. ஆகவே 'பழையபடி ஆக்குவோம்' என்று கிளம்புவோரிடம் எந்த ஆண்டின் பழையபடி என்று கேட்பது நியாயமே. ஆனால் 1341-ல் நடந்ததைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு முகத்தை மூடியதும் இன்னொன்றைத் திறந்ததும் ஒரே வெள்ளம். இன்று முகங்கள் மூடுகின்றன, திறப்பதற்குத்தான் வெள்ளம் இல்லை.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் வெள்ளைக்காரர் மூளையில் முளைத்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பி ஆராயச் செய்தார், பணம் கூடவில்லை. 1808-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜேம்ஸ் கால்டுவெல் பார்த்துவிட்டு ஆகாத காரியம் என்று எழுதினார். 1876-78 தாது வருடப் பஞ்சம் மதுரைச் சீமையைப் பிணக்காடாக்கிய பிறகுதான் அரசுக்கு வேகம் வந்தது. திருவிதாங்கூருடன் 1886 அக்டோபர் 29-ல் 999 ஆண்டுக் குத்தகை, சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. சுரங்க வழியே வந்த நீர் லோயர் கேம்ப் பக்கம் இறங்கி முல்லையாறாகி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல்களை இருபோகமாக்கியது. இந்த மாவட்டத்தில் பென்னிகுவிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதும் அவர் படத்துக்குப் பொங்கல் வைப்பதும் மிகையே அல்ல, நன்றி அப்படித்தான் இருக்கும். ஆனால் திட்டத்தை நியாயப்படுத்திய வாதத்தை இன்று படித்தால் அதன் எளிமை கண்ணை உறுத்தும். மேற்கே மழை மிகுதி, அங்கே ஆறு பயனின்றிக் கடலில் விழுகிறது, கிழக்கே பஞ்சம். ஆகவே திருப்பு. மூழ்கும் நிலத்துக்கு வாடகை பேசினார்கள், நிலத்துக்கு உடையவர் இருந்தார். காயலில் வலைவீசியவர் எந்தப் பேச்சிலும் ஒரு தரப்பாக இல்லை.

அப்படியானால் வேம்பநாட்டுக் காயலின் நோய்க்குத் தேனிதான் காரணமா என்று ஒருவர் கேட்கலாம். மலையாளக் கரையில் இப்படிக் கேட்பவர்களும் உண்டு. எண்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெரியாற்றின் மொத்த நீர்ப்பிடிப்பு சுமார் 5,398 சதுர கிலோமீட்டர், முல்லைப் பெரியாறு அணைக்கு மேலே உள்ளது 624. எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதன் நீர் முழுவதும் கிழக்கே வருவதுமில்லை. இதைவிடப் பெரிய திருப்பத்தைக் கேரளமே செய்தது. 1976-ல் இயங்கத் தொடங்கிய இடுக்கித் திட்டம் பெரியாற்று நீரை மூலமற்றத்தில் மின்சாரமாக்கிவிட்டு மூவாற்றுப்புழைக்குத் திருப்பிவிடுகிறது. அந்த நீரும் கடைசியில் காயலுக்கே போகிறது, ஆனால் வேறு இடத்தில், வேறு நேரத்தில், கோடையிலும் ஒரே சீராக. மழையில் பொங்கிக் கோடையில் ஒடுங்கும் ஆற்றின் இயல்பு அங்கே மாறியது. இந்த மாற்றத்தைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை என்பது விந்தை, இரு மாநிலச் சண்டைக்கு அது உதவாது போலும்.

காயலுக்கு நேர்ந்த பெரும் கேடு அதன் கரையிலேயே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே குட்டநாட்டில் காயலைச் சேற்றுவரப்பு கட்டி மறித்து, நீரை இறைத்து, கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விதைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றதும் திருவிதாங்கூர் அரசு இதை ஊக்குவித்தது. 'காயல் ராஜா' என்று பெயரெடுத்த முரிக்கன் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று அரச குடும்பத்தின் பெயர்களைச் சூட்டிப் புது நிலங்களை நீரிலிருந்து எடுத்தார். பிறகு அந்த வயல்களை உப்பிலிருந்து காக்க 1970-களின் நடுவில் தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான தடுப்பு எழுந்தது. டிசம்பர் வாக்கில் அதன் கதவுகளை இறக்குவார்கள், நெல் அறுவடையாகும்வரை தெற்குப் பகுதிக்குள் கடல்நீர் ஏறாது. நெல்லுக்கு நல்லது. ஆற்றுக்கொஞ்சு எனப்படும் பெரிய நன்னீர் இறாலுக்கோ அந்தக் கதவு சுவர்தான். அது வளர்வது ஆற்றுநீரில், குஞ்சு பொரிக்க உப்புநீருக்கு இறங்கவேண்டும். குஞ்சுகள் திரும்ப மேலேறவும் வழி வேண்டும். கறுப்புச் சிப்பிக்கும் இனப்பெருக்கத்துக்குக் கொஞ்சம் உப்பு தேவை. ஆகாயத்தாமரைக்கு உப்புதான் எதிரி, ஆண்டுதோறும் ஏறும் உப்பில் அது கருகிப்போகும். உப்பு ஏறாததால் காயலை மூடிப் படர்ந்தது. வயல்களில் இட்ட உரமும் பூச்சிமருந்தும் கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் கதவுக்குப் பின்னால் மாதக்கணக்கில் தேங்கின. வடக்கே ஏலூர், களமசேரி ஆலைகள் 1940-களிலிருந்து பெரியாற்றின் கடைசி மைல்களைக் கழிவுக்கால்வாயாக்கின. 2024 மே மாதம் அங்கே மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தபோது, ஆலைக்கழிவு என்று ஒரு தரப்பும், பாதாளம் என்னும் இடத்தில் ஆற்றின் தடுப்பைத் திறந்தபோது அடியில் தேங்கிக் கிடந்த உயிர்வளியற்ற நீர் பாய்ந்ததே காரணம் என்று மறுதரப்பும் வாதாடின. இரண்டாவது வாதமே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் கேள்வி போய் நிற்பது மதகில்தான்.

குட்டநாட்டு நெல்லை ஏளனமாகப் பேச எனக்கு மனமில்லை. பஞ்சகாலத்தில் காயலை வயலாக்கியவர்களை, அரிசி ரேஷனில் கிடைக்கும் காலத்திலிருந்து கடிந்துகொள்வது சுலபம். அந்த உழவுமுறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-ல் உலக வேளாண் மரபாக ஏற்றிருக்கிறது. ஆனால் தண்ணீர்முக்கம் அனுபவம் காட்டுவது நெல்லா மீனா என்ற வழக்கை அல்ல. கதவை எத்தனை நாள் மூடுவது, எந்த மாதம் திறப்பது என்ற சிறு முடிவில் இரண்டு தொழில்களின் விதி கிடக்கிறது. விதைப்பைப் பாடசேகரங்கள் எனப்படும் வயல்தொகுதிகள் எல்லாம் ஒரே நாளட்டவணையில் முடித்தால் கதவைச் சீக்கிரம் தூக்கலாம். ஒரு வயல் பிந்தினாலும் கதவு கீழேயே கிடக்கும், மீனவர் மனுவோடு நிற்பார்.

இனி கிழக்கே. கொடைக்கானல் மலைப்பாதையில் டம் டம் பாறையில் நின்றால் எதிரே தலையாறு அருவி, சுமார் 297 மீட்டர், நூலாக இறங்குவது தெரியும். கீழே சமவெளி தொடங்கும் இடத்தில் மஞ்சளாறு அணையின் நீர் பளபளக்கும். 1960-களில் எழுந்த அணை, 57 அடி உயரம். பாசனம் பெறும் நிலம் ஐயாயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். அதைப் பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்று இரண்டாகப் பிரித்துத்தான் தண்ணீர் திறப்பார்கள். அணை வருவதற்கு முன்பே ஆற்றிலிருந்து வாய்க்கால் பிடித்து உழுதவர்களின் உரிமை பழைய ஆயக்கட்டு. மழைக்காலத்தில் நீர்மட்டம் 51 அடி, 53 அடி, 55 அடி என்று ஏற ஏற மூன்று கட்டமாக எச்சரிக்கை போகும். 55-ஐ எட்டியதும் வருகிற நீரை அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட நீர் வத்தலக்குண்டு பக்கம் போய், 1959-ல் கட்டி முடித்த வைகை அணைக்குக் கீழே வைகையில் கலக்கிறது. கீழே என்பதை அடிக்கோடிட வேண்டும். முல்லையாறும் சுருளியாறும் வைகை அணைக்குள் சிக்கிக்கொள்கின்றன. மஞ்சளாறும் மருதாநதியும் அந்தப் பெரிய அணையிலிருந்து தப்பியவை. வைகையின் கீழ்ப்பகுதிக்கு இயற்கையான வெள்ளம் என்று ஏதாவது இன்றும் வருமானால், அதில் ஒரு பங்கு தேவதானப்பட்டியைத் தாண்டி வந்ததாக இருக்கும்.

வந்தது எங்கே போகிறது? பேரணை, விரகனூர், பார்த்திபனூர் என்று மதகணைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இருபுறமும் கால்வாய்கள் கிளைத்துக் கண்மாய்களுக்குப் பிரிகின்றன. மீந்தது இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள் போகிறது. அது நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கடல். நடுவில் மதுரை நகரம் தன் சாக்கடையை ஆற்றில் சேர்க்கிறது. மணல் அள்ளிய பள்ளங்கள் வெள்ளத்தைக் குடிக்கின்றன, சீமைக்கருவேலம் ஆற்றுப்படுகையை மறிக்கிறது. கடலோரத்தில் 1990-களில் இறால் பண்ணைகள் பெருகின. உவர்நிலம் தரிசுதானே என்ற அதே கணக்கு, இம்முறை கடலின் பக்கமிருந்து வந்தது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் மரபுவழி அல்லாத பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-ல் வந்த சட்டம் பதிவு செய்துகொண்டு நடத்த வழிவிட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், பலமானது. வைகையைக் கடலுக்கு விடாமல் குடித்தது நவீன அணைகளா? பாண்டியரும் சேதுபதிகளும் வெட்டிய கண்மாய்கள் அல்லவா? வைகை கடலை எட்டாத ஆறு என்பதைப் பழைய புலவர்கள் குறையாக அல்ல, பெருமையாகவே பாடினார்கள். சொட்டு விடாமல் உழவனுக்குக் கொடுத்துத் தீர்ந்த ஆறு என்பது தமிழ் மனத்துக்கு உயர்ந்த புகழ்ச்சி. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் கண்மாயின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கவேண்டும். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு கலிங்கு உண்டு. கரையைவிடத் தாழ்வாகக் கல்லடுக்கி, மேலே வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். கொள்ளளவு மீறிய நீரை யாரும் ஆணை போடாமலே அது வெளியே தள்ளிவிடும். அடுத்த கண்மாய், அதற்கடுத்தது, கடைசியில் கடல். சாதாரண ஆண்டில் கடலுக்கு எதுவும் போகாது, பெருமழை ஆண்டில் நிறையப் போகும். பழைய ஏற்பாட்டால் பெருவெள்ளத்தை அடக்க முடியவில்லை, அடக்க முயலவுமில்லை. கழிமுகம் உயிரோடிருக்க அந்த ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. பெரிய அணை பறித்தது ஆண்டு முழுதுமான நீரோட்டத்தை அன்று, அது முன்பே இல்லை. அந்தப் பெருவெள்ளத்தின் உச்சியைத்தான் அது சீவிவிட்டது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கண்மாய்களும் இயற்கைக்குப் பகையில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் பறவைகளால் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. நீர் நடுவில் நின்ற இடத்திலும் உயிர் பெருகியது. கடைமுனையில் மட்டும் குறைந்தது.

வெள்ளத்தின் உச்சி ஏன் முக்கியம் என்பதைப் பழவேற்காட்டில் தெளிவாகப் பார்க்கலாம். ஆரணியாறும் வடக்கே ஆந்திரத்துக் காலங்கி, சொர்ணமுகி ஆறுகளும் சேரும் இந்த ஏரியின் முகத்துவாரத்தை வங்கக்கடலின் கரையோர நீரோட்டம் மணலால் அடைத்துக்கொண்டே இருக்கும். உள்ளிருந்து வேகமாக வரும் நீர்தான் அதை உடைக்கவேண்டும். அது வலுவிழந்தால் முகம் தூர்ந்து, ஏரி கோடையில் உப்புப்பாத்தியாகச் சுருங்கும். அரசு தூர்வாரும், கடல் மறுபடி மூடும். இத்தனைக்கும் பழவேற்காட்டு மீனவர்களுக்கு ஏரியை ஆளத் தெரியாமல் இல்லை. 'பாடு' என்ற முறையை அவர்கள் வழிவழியாக வைத்திருக்கிறார்கள். எந்த ஊரின் எந்தத் தலைக்கட்டு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, சுற்றி வரும். உழவர் வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவதற்குச் சற்றும் குறையாத நுட்பம். ஆனால் பாடு முறையின் அதிகாரம் ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறது. ஆற்றின் மேலே அணை கட்டுவோரையோ, தெற்கே எண்ணூரில் துறைமுகமும் அனல்மின் நிலையமும் எழுப்புவோரையோ அது கேட்க முடியாது. உள்ளே எவ்வளவு ஒழுங்கு இருந்தாலும், தண்ணீர் பங்கிடும் மேசையில் இடம் இல்லாதவர்களின் ஒழுங்கு அது.

மேசையில் இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிலிகா கிட்டத்தட்ட ஒரு விடை. 1981-லேயே ராம்சார் பட்டியலில் ஏறிய அந்த ஏரி தூர்ந்து, நன்னீர்க் களை மண்டி, 1993-ல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. 2000 செப்டம்பரில் மணல்திட்டை வெட்டிக் கடலுக்குப் புதிய முகம் திறந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,700 டன்னாக இறங்கியிருந்த மீன்வரத்து இரண்டே ஆண்டில் 11,000 டன்னைத் தாண்டியது. 2002-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. இதைப் பொக்லைன் வெற்றி என்று எடுத்துக்கொள்வது தவறு. முகம் வெட்டியதோடு நிற்காமல், மகாநதியின் நாராஜ் தடுப்பணையிலிருந்து ஏரிக்கு எவ்வளவு நீர் எப்போது வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். ஏரிக்கென்று ஒரு தனி ஆணையம் இருந்ததால்தான் அந்தக் கேள்வி எழுந்தது. வெற்றிக்கு முன் நடந்த கசப்பும் உண்டு. இறால் வளர்க்க வேலிகட்டி மடக்கியவர்களுக்கு எதிராக மீனவர் எழுந்தபோது, 1999 மே மாதம் சொரணா கிராமத்தில் போலீஸ் சுட்டு நான்கு பேர் இறந்தனர். நீர் சரியாவது ஒன்று, பங்கு சரியாவது வேறொன்று.

கடைசி ஆட்சேபம் தேனி விவசாயியுடையது, அதைத் தாண்டிப் போக முடியாது. இரண்டாம் போகத்துக்கு நீரில்லை, ஆண்டிபட்டிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போகிறது, இந்த நிலையில் இறாலுக்கும் சிப்பிக்கும் தண்ணீர் விடச் சொல்கிறாயா என்பார். கோடையில் அவர் வாய்க்காலில் ஒரு வாளியையும் எடுக்கச் சொல்லவில்லை, கழிமுகம் கேட்பதும் அதுவல்ல. ஐப்பசி கார்த்திகையில் மஞ்சளாறு 55 அடியைத் தொட்டு, மருதாநதி நிரம்பி, வைகை அணையும் 71 அடியை நெருங்கும் ஆண்டுகளில் வருகிற வெள்ளத்தை எங்கும் முடக்காமல் சில நாள் தொடர்ந்து கடைமுனைவரை ஓடவிடுவதுதான் கேட்கப்படுவது. அந்த வெள்ளம் வழியில் ஆற்றுமணலையும் நிலத்தடி நீரையும் நிரப்பும், மதுரையின் கழிவைக் கழுவும், கண்மாய்களைத் தொடும். அந்த நாட்களில் அணை அதிகாரிகள் எப்படியும் உபரிநீரை வெளியேற்றத்தான் போகிறார்கள். வெளியேற்றும் நேரத்தையும் வேகத்தையும் கடைமுனைவரை ஒரே திட்டமாக்குவது மட்டுமே புதிது. கங்கையில் குறைந்தபட்ச நீரோட்டம் இவ்வளவு இருக்கவேண்டும் என்று மத்திய அரசு 2018-ல் அறிவிக்கை வெளியிட்டது. வைகை போன்ற மழைநதிக்கு அந்த மாதிரி பொருந்தாது, இதற்கு வேண்டியது அளவைவிட முறை.

ஆனால் முறைக்கும் ஏற்கெனவே உரிமைக்காரர் இருக்கிறார்கள். வைகையின் பூர்வீகப் பாசன நீரைப் பன்னிரண்டு பங்காக்கி இராமநாதபுரத்துக்கு ஏழு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு என்று கொடுப்பது வழக்கம். பெரிய பங்கு கடைமடைக்கு, எழுத்தில். முத்திருளப்ப பிள்ளை மலையைக் குடைய நினைத்ததே அந்தச் சீமைக்காகத்தான். கட்டி முடித்த பின் நீர் முதலில் நிலைகொண்டதோ கம்பம் பள்ளத்தாக்கிலும் மேலூரிலும். தங்கள் ஏழு பங்கும் மண்ணில் முழுதாக வந்து சேரவில்லை என்று இராமநாதபுரத்து விவசாயிகள் இன்றும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்திபனூர் மதகைத் தாண்டிக் கடலை நோக்கி வெள்ளம் விடவேண்டும் என்று ஆற்றங்கரை ஊர் மீனவர் கேட்டால், முதலில் எதிர்த்து எழுபவர் தேனிக்காரராக இருக்கமாட்டார். பெரிய கண்மாய் நிரம்பட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லப்போகிறவர் பக்கத்து ஊர்க்காரர்தான். அவருக்கு முதலில் பதில் சொல்லியாகவேண்டும்.